வகுப்புக்கு முன்னால் துணிக்கொடியைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்காகக் கட்டிய தற்காலிகக் குடியிருப்பில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வ ஆசிரியை நான். தகரச் சுவர், ஒற்றை அறை வீடுகள், வரிசையின் கோடியில் பொதுக் கழிப்பறை. 10 முதல் 16 வயது வரை சுமார் 30 பெண் பிள்ளைகள் வருகிறார்கள். மாதத்தில் சில நாள் சிலர் வருவதில்லை. காரணம் கேட்டால் சிரிக்கிறார்கள், இல்லையென்றால் வயிற்று வலி என்கிறார்கள். உதவிக்கு வந்த ஓர் அமைப்பு நாப்கின் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, 'மாதவிடாய் சுகாதாரம் பற்றி அரை நாள் வகுப்பு எடுங்கள், படமும் அறிக்கையும் அனுப்புங்கள்' என்கிறது. எனக்கு இதைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. 'சின்னப் பிள்ளைகளிடம் இதெல்லாம் எதற்கு' என்று இரண்டு அம்மாக்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? இன்னொன்று. 14 வயதுப் பெண் ஒருத்திக்கு நாலு மாதமாக வரவில்லை என்று அவள் தோழி சொன்னாள். வெள்ளத்தில் பயந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சரிதானே, டாக்டர்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசியில் எழுதியிருப்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது.

பேரிடருக்குப் பிறகு மாதவிடாய் தள்ளிப்போவது உண்மைதான். அதை நடத்தும் ஹார்மோன்களுக்கான உத்தரவு மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து கிளம்புகிறது. பயம், துக்கம், தூக்கமின்மை, சரியாகச் சாப்பிடாமல் எடை குறைவது எல்லாமே அந்த உத்தரவைத் தடுமாற வைக்கும். தவிர, வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடங்களில் எல்லா மாதமும் கருமுட்டை வெளிவருவதில்லை. அதனால் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். அதுவரை கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் 90 நாளைத் தாண்டினால், அது ஒரே ஒரு தடவை என்றாலும், மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டுக் கோளாறாக இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம், நீங்கள் நினைத்த மாதிரி மன அழுத்தமாகவே இருக்கலாம். கர்ப்பமாகவும் இருக்கலாம். அந்தப் பெண்ணைப் பற்றி எதையும் ஊகித்து இதை எழுதவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவுகள், பெரியவர்கள் வேலைக்குப் போனபின் தனியாக இருக்கும் பிள்ளைகள், முகம் தெரியாதவர்கள் வந்து போகும் பாதைகள் உள்ள இடத்தில் பாலியல் வன்முறைக்கான ஆபத்து கூடுகிறது. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. கேட்க வேண்டியவர் மருத்துவர், நீங்கள் இல்லை.

உங்கள் வேலை அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. வகுப்பு முடிந்ததும் 'நீ மட்டும் இரு' என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தாதீர்கள். நோட்டுப் புத்தகம் திருத்துகிற சாக்கில் பேசுங்கள். 'வெள்ளத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு மாதக் கணக்கு மாறிப்போயிருக்கிறது, உனக்கு எப்படி?' என்று கேட்டாலே போதும். தோழி சொன்னாள் என்று சொல்ல வேண்டாம். 'நீ எதைச் சொன்னாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். 'உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், அதையும் உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்' என்பது நியாயமான வாக்கு. அவள் ஏதாவது சொன்னால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். தப்பு அவளுடையது இல்லை என்று சொல்லுங்கள். சுகாதார மையத்துக்குக் கூட்டிப்போங்கள், குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர் யார் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்காவது என்றாவது தேவைப்படலாம் என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வன்முறை நடந்த 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், 120 மணி நேரத்துக்குள் கருத்தடை அவசர மாத்திரை கொடுக்க முடியும். அதற்குப் பிறகு வந்தாலும் சிகிச்சை உண்டு, ஆனால் அந்த இரண்டும் நேரத்தோடு கட்டுப்பட்டவை.

சரி, இனி வகுப்புக்கு வருவோம்.

அரை நாள் வகுப்பை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நாப்கினைத் தூக்கிக் காட்டி 'ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், துணியை வெயிலில் காயப்போடுங்கள், சுத்தமாக இருங்கள்' என்று சொல்கிற வகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்வதில் பிழை இருக்காது. கேட்கிற பிள்ளைக்கோ மாற்ற இடம் இருக்காது, காயப்போடக் கொடி இருக்காது, இரவில் கழிப்பறைக்குப் போக வெளிச்சம் இருக்காது. அப்போது அந்தப் பாடம் அவள் காதில் ஒன்றே ஒன்றாகத்தான் விழும்: நான் அழுக்கானவள். அதைவிட வகுப்பே எடுக்காமல் இருப்பது மேல். குடியிருப்பில் செய்ய முடியாத எதையும் வகுப்பில் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால், முதலில் அதைச் செய்ய முடிகிற மாதிரி குடியிருப்பை மாற்றப் பாருங்கள்.

அதனால் முதல் வேலை நடப்பது. மூத்த பெண்கள் இரண்டு மூன்று பேரோடு, பகலில் ஒருமுறையும் இருட்டிய பிறகு ஒருமுறையும், வீட்டு வாசலிலிருந்து கழிப்பறை வரை, அங்கிருந்து துவைக்கும் இடம், குப்பை போடும் இடம் என்று நடந்து பாருங்கள். அவர்களுடைய சொந்த விஷயத்தைக் கேட்க வேண்டாம். 'இந்த வரிசையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நடு இரவில் வந்துவிட்டால் என்ன செய்வாள்?' என்று வேறு யாரையோ கேட்பது போலக் கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே மட்டுமா? உள்ளே தண்ணீர் இருக்கிறதா, இல்லை வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லோர் கண் முன்னாலும் போக வேண்டுமா? மாற்றுத் துணியை வைக்க ஆணியோ பலகையோ உண்டா? ஈரத் தரையில் வைக்க முடியாமல் பல்லில் கடித்துக்கொண்டு மாற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துவைக்கும் இடத்திலிருந்து தண்ணீர் எங்கே ஓடுகிறது? இது சின்ன விஷயமாகத் தோன்றும். சிவந்த தண்ணீர் நடைபாதையின் குறுக்கே ஓடும் என்றால் எந்தப் பெண்ணும் அங்கே துணி அலச மாட்டாள்.

இரவு நடையில் இன்னொன்று தெரியவரும். கழிப்பறைக்குப் போகப் பயந்து பல பிள்ளைகள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரை விடியும் வரை அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்றோடு வருகிற பிள்ளைக்கு மாத்திரை எழுதித் தரலாம், பாதைக்கு விளக்கு வராத வரை அடுத்த மாதமும் அவள் வருவாள்.

துணிக்கொடிதான் எல்லாவற்றிலும் சிக்கலானது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கொடுத்த பெட்டி தீர்ந்த பிறகு பாதிப் பேராவது துணிக்குத்தான் திரும்புவார்கள். துணி மட்டமானது, நாப்கின் உசத்தி என்ற பேச்சை வகுப்புக்குள் விடாதீர்கள். பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, முழுக்கக் காய வைத்துப் பயன்படுத்தினால் அது நல்ல முறைதான். சிக்கல் அந்த 'முழுக்கக் காய' என்பதில் இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் அப்பா, அண்ணன், தாத்தா எல்லோரும் இருக்கும்போது அந்தத் துணியை எங்கே போடுவாள்? கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், பாவாடைக்கு உள்ளே மறைத்து. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அரை ஈரத்தோடு மறுபடி எடுத்துக் கட்டுவாள். தொடை இடுக்கில் புண், அரிப்பு, பூஞ்சைத் தொற்று என்று வருபவர்களில் பலருடைய கதை இதுதான்.

இதற்கு வெட்கத்தை விடச் சொல்லி உபதேசம் செய்து பயனில்லை. பெண்கள் குளிக்கும் இடத்தை ஒட்டி நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மறைத்து, மேலே திறந்துவிட்ட ஒரு சின்ன அடைப்பு போதும். உள்ளே கயிறு, கிளிப். மூங்கிலும் தார்ப்பாயும் இருந்தால் ஒரே நாளில் கட்டிவிடலாம். அது அமையும் வரை, வீட்டுக் கொடியிலேயே மெல்லிய துப்பட்டாவின் பின்னால் போடச் சொல்லுங்கள். மெல்லியதாக இருப்பது முக்கியம், கனமான துண்டுக்கு அடியில் போட்டால் காயாது. மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டி கிடைத்தால் காய்ந்த துணியின் மேல் ஒருமுறை அழுத்தித் தேய்த்து எடுக்கலாம். தொட்டால் சில்லென்று இருக்கும் துணி காயவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காய்ந்ததை மூடிய பையில், தரையில் படாமல் வைக்க வேண்டும். ரத்தம் படிந்ததை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். மூடி போட்ட வாளியில் சிறிது நேரம் ஊறலாம், நாள் முழுக்க ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. வெள்ளத் தண்ணீரில் நனைந்து கிடந்த பழைய துணி எதையும் அப்படியே எடுத்துக் கட்ட வேண்டாம்.

இப்போது நிர்வாகத்திடம் பேசுவது பற்றி. கெஞ்ச வேண்டியதில்லை, கையில் அளவுகோல் இருக்கிறது. பேரிடர் நிவாரணத்துக்கு உலகெங்கும் பயன்படுத்தும் ஸ்ஃபியர் கையேட்டில் (2018 பதிப்பு) இதெல்லாம் எழுதியே இருக்கிறது. முதல் நெருக்கடி தாண்டிய குடியிருப்பில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று, வீட்டிலிருந்து 50 மீட்டருக்கு மேல் தூரம் கூடாது, உள்பக்கத் தாழ்ப்பாள், வெளிச்சம். மாதவிடாய் வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 15 நாப்கின், அல்லது வருடத்துக்கு துவைத்துப் பயன்படுத்தும் பேட் 6, அல்லது 4 சதுர மீட்டர் பருத்தித் துணி, எது வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதோடு வருடத்துக்கு 6 உள்ளாடை, வழக்கமான சோப்புக்கு மேல் மாதம் 250 கிராம் சோப்பு, ஊறவைக்க மூடியுள்ள வாளி, காயப்போடக் கயிறும் கிளிப்பும். உங்களுக்கு வந்த பெட்டிகளில் இதில் எத்தனை இருந்தன?

உள்ளாடை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். நன்கொடை கொடுப்பவர்களுக்கு நாப்கின் நினைவுக்கு வருகிறது, அதை ஒட்ட வேண்டிய ஜட்டி நினைவுக்கு வருவதில்லை. வெள்ளத்தில் உடுத்திய துணியோடு வந்த பிள்ளைக்கு ஒரே ஒரு ஜட்டிதான் இருக்கும், அதுவும் கிழிந்து தொய்ந்து. அதில் பேட் நிற்காது. அமைப்பிடம் அடுத்த முறை எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், கூடுதல் பேட் கேட்காமல் சரியான அளவில் உள்ளாடை கேளுங்கள்.

கொடுக்கும் விதமும் முக்கியம். ஒலிபெருக்கியில் அழைத்து, வரிசையில் நிறுத்தி, ஓர் ஆண் தன்னார்வலர் கையால் பெட்டி கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் வாங்க வரமாட்டார்கள். சோப்பு, துண்டு, டார்ச் இவற்றோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, பெண்கள் கையால், வீட்டுக்கு வீடு கொடுங்கள். இன்னும் வயதுக்கு வராத பிள்ளைகளுக்கும் ஒன்று கொடுங்கள். அப்போதுதான் யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஊர் கணக்கெடுக்க முடியாது.

அம்மாக்கள் சண்டைக்கு வந்தது நல்லதுதான், அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன்பே அவர்களைத் தனியாகக் கூட்டி உட்கார வையுங்கள். நீங்கள் எதைப் பேசப் போகிறீர்கள் என்று வரிக்கு வரி சொல்லிவிடுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'உங்களுக்கு முதல் முறை வந்தபோது என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்ததா?' பெரும்பாலும் அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது, அவர்களே பேசுவார்கள். 'சின்னப் பிள்ளை' என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. 10, 11 வயதிலேயே பலருக்கு வந்துவிடுகிறது. வந்த பிறகு சொல்வதென்றால், அந்த முதல் நாளை அவள் ஏதோ அடிபட்டுவிட்டது, செத்துவிடுவோம் என்று நினைத்தபடி கழிக்க வேண்டும். வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இன்னொரு பயம் தேவையில்லை. அம்மாவை இழந்த பிள்ளைகள் உங்கள் 30 பேரில் இருக்கலாம். 'அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்' என்ற வாக்கியத்தை வகுப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். 'உங்களுக்குப் பிடித்த ஒரு பெரியவர்' என்று சொல்லுங்கள். பள்ளிக்கே வராத, உடல் ஊனமுள்ள, காது கேளாத பிள்ளைகள் குடியிருப்பில் இருப்பார்கள். அவர்களும் இந்தக் கணக்கில் உண்டு, வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருக்கும்.

வகுப்பை அரை நாளாக வைக்காமல் முக்கால் மணி நேரமாக நாலைந்து வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் கீழே ஒரு குழு, மேலே ஒரு குழு. தகரச் சுவரில் அடுத்த அறைப் பேச்சு முழுதும் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்தில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள், இல்லையென்றால் அங்கே பேச்சே எழாது. கேள்விப் பெட்டி ஒன்று வையுங்கள், ஆனால் எல்லோரும் கட்டாயம் ஒரு சீட்டுப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் இன்று எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது என்று எழுதட்டும். இல்லாவிட்டால் சீட்டு எழுதும் பிள்ளையை மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். யாரையும் எழுந்து 'எனக்கு வந்துவிட்டது' என்று சொல்ல வைக்கக் கூடாது.

உடலைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. கருப்பை ஒவ்வொரு மாதமும் உள்ளே ஒரு மெத்தை போன்ற படலத்தை வளர்க்கிறது, கரு தங்கவில்லை என்றால் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. 2 முதல் 7 நாள் வரை வரும். மொத்தமாக வெளியேறுவது சராசரியாக 30 முதல் 40 மில்லி, சில மேசைக்கரண்டி அளவுதான். இதைக் கேட்டதும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஒரு டம்ளரில் சிவப்புச் சாயத் தண்ணீரை அளந்து காட்டுங்கள். அதையே பேட்டின் மேலும் துணியின் மேலும் ஊற்றி, எவ்வளவு தாங்குகிறது என்று அவர்களே பார்க்கட்டும். ஒட்டும் பக்கம் உள்ளாடையில், பஞ்சுப் பக்கம் உடம்பில். மாற்றிப் போட்டுத் தோலை உரித்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு, யாரும் சொல்லிக் கொடுக்காததால். பகலில் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். இரவில் தூங்கும்போது 8 மணி ஆனாலும் ஒன்றும் ஆகாது. கை கழுவுவது மாற்றிய பிறகு மட்டுமல்ல, மாற்றுவதற்கு முன்பும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும், உள்ளே சோப்போ டெட்டாலோ போடக் கூடாது, அது தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. குளிக்கலாம், தலைக்கும் குளிக்கலாம், விளையாடலாம். அந்த ரத்தம் அசுத்த ரத்தம் இல்லை. இதைச் சாதாரணக் குரலில், மற்ற விஷயங்களோடு விஷயமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்தால் பிள்ளை இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வாள்.

மாதவிடாய்க் கோப்பை பற்றிச் சிலர் கேட்பார்கள். நல்ல பொருள்தான், ஆனால் ஒவ்வொரு சுழற்சிக்கும் கொதிக்க வைக்க வேண்டும், மாற்றும்போது சுத்தமான தண்ணீரும் தனி இடமும் வேண்டும். இந்தக் குடியிருப்பில் முதல் முறை வந்த பிள்ளைக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வலிக்கு வருகிறேன், வகுப்புக்கு வராமல் இருப்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் பொய்யில்லாமல் இருக்கலாம். படலம் உதிரும்போது சுரக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையை இறுக்குகிறது, அதுதான் வலி. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் நன்றாகவே குறையும். போதாவிட்டால் சுகாதாரப் பணியாளரிடம் கேட்டு ஐபுப்ரோஃபென் அல்லது மெஃபனமிக் அமிலம், சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கியதுமே. ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு இவை ஆகாது. வெள்ளத்துக்குப் பிறகான மாதங்களில் கொசு பெருகி டெங்கு வரும். காய்ச்சலும் இருந்தால் இந்த இரண்டு மருந்தும் கூடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாரசிட்டமால் கொடுத்து, மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு மணி அல்லது இரண்டு மணிக்கு ஒரு பேட் நனைகிறது, 7 நாளுக்கு மேல் நிற்கவில்லை, பெரிய பெரிய கட்டிகளாக வருகிறது, நின்றால் தலை சுற்றுகிறது என்றாலும் அனுப்ப வேண்டும். 15 வயதாகியும் வராதவர்களையும். பச்சை அல்லது சாம்பல் நிறத்தில் நாற்றத்தோடு வெள்ளை படுவதும், தயிர்போல் திரிந்து அரிப்பதும் தொற்று. நிறமில்லாமலோ வெளிறிய வெள்ளையாகவோ நாற்றமின்றி வருவது இயல்பு. இந்த ஒன்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் மனசுக்குள் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைக் கேள்விப் பெட்டி சொல்லும்.

பயன்படுத்திய பேட்டைக் கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும், குழி சீக்கிரம் நிரம்பும். ஒவ்வொரு பெண்கள் கழிப்பறைக்குள்ளும் மூடி போட்ட வாளியும் சுற்றிப் போடப் பழைய தாளும் வேண்டும். வாளியை யார், எப்போது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று முடிவு செய்யாமல் வாளி மட்டும் வைக்காதீர்கள். அந்த வேலை செய்பவருக்குக் கையுறையும் கூலியும் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் மாற்றுவதற்கு ஒரு மூலையில் குறுக்கே கயிறு கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிடலாம். இதை அப்பாக்களிடம் பேச ஓர் ஆண் ஆசிரியரைப் பிடியுங்கள். தாழ்ப்பாள் போடுவது, விளக்குக் கட்டுவது, அடைப்புக்கு மூங்கில் நடுவது எல்லாம் அவர்களும் செய்யக்கூடிய வேலை. நேரடியாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்காமல் வருவார்கள். பையன்களுக்கும் தனியாக ஒரு வகுப்பு வேண்டும், கறையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கும் வரை அந்த நாட்களில் பெண்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள். உங்கள் மேசை இழுப்பறையில் இரண்டு பேட், ஒரு உள்ளாடை, ஒரு கருத்த துப்பட்டா எப்போதும் இருக்கட்டும். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாக, அந்தப் படம். கையில் நாப்கினோடு வரிசையாக நிற்கும் சிறுமிகளின் படத்தை அனுப்ப வேண்டாம். அம்மாக்கள் சம்மதித்தாலும் வேண்டாம், அது எங்கெல்லாம் போகும் என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அமைப்பு வற்புறுத்தினால் புதிதாகக் கட்டிய துணி அடைப்பைப் படம் எடுத்து அனுப்புங்கள். அறிக்கையில் 'இத்தனை பேருக்கு விழிப்புணர்வு ஏற்பட்டது' என்று எழுதாமல், உள்பக்கத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வகுப்புக்கு முன்னால் எத்தனை, இப்போது எத்தனை, இருட்டிய பிறகும் தனியாகப் போய்வரும் பிள்ளைகள் எத்தனை, அந்த நாட்களிலும் வகுப்புக்கு வந்தவர்கள் எத்தனை என்று எழுதுங்கள். அடுத்த தவணைக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலை மூத்த பெண்களையே எழுதச் சொல்லி, அதை அப்படியே கீழே இணைத்துவிடுங்கள்.